வள்ளியை இரண்டரை மணி நேரத்தில் கட்டிக்கொடுக்கச் சொல்லும் விழாக் கமிட்டியாருக்கு

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரத்தில் சாமி கும்பிடு நடத்தும் ஊர்களின் அம்பலம், நாட்டாமை, விழாக் கமிட்டிப் பொறுப்பாளர் அனைவருக்கும்,

கலைஞர்களைத் தனித்தனியாக அழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாளக் கருவிகள்) வாசிக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இந்த வருஷம் எங்கள் கைக்கு வந்த நோட்டீஸ்களில் திரும்பத் திரும்ப ஒரே வரி: ‘இரவு 9 மணி முதல் 11.30 வரை வள்ளி திருமணம் நாடகம் நடைபெறும்.’ நோட்டீஸில் அச்சாகாத சேதிகளை ஏஜெண்ட் வந்து சொல்கிறார். பபூன் – டான்ஸ் (கோமாளியும் ஆடுகிற பெண்ணும் சேர்ந்து செய்யும் காமெடி) ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாதாம். பாட்டும் வசனமுமாக வாதாடுகிற தர்க்கம் வேண்டாமாம், பையன்கள் எழுந்து போய்விடுகிறார்களாம். ஆர்மோனியத்துக்குப் பதில் கீபோர்டு போதுமாம், பாட்டுக்கு டிராக் (முன்பே பதிவு செய்த இசை) போட்டுக்கொண்டால் மூன்று ஆள் சம்பளம் மிச்சமாம்.

கடைசிச் சேதி எங்கள் வயிற்றில் அடிப்பது. அதற்காக மட்டும் எழுதவில்லை. இந்த மூன்றையும் செய்துவிட்டால் அன்றைக்கு உங்கள் மேடையில் நடப்பது எதுவாகவும் இருக்கலாம், வள்ளி திருமணமாக இருக்காது. ஆனால் நோட்டீஸில் அந்தப் பெயர்தான் நிற்கும். ‘நாடகம் முன்ன மாதிரி இல்லப்பா’ என்று மறுநாள் டீக்கடையில் கிளம்பும் பேச்சும் எங்கள் தலையில்தான் விடியும்.

‘போலீஸ் விடமாட்டேங்குறாங்க, நாங்க என்ன செய்ய?’ என்பது உங்களிடமிருந்து வரும் முதல் பதில். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் என்றால் விலக்கு உண்டு. திருவிழா, கலை விழா நாள்களில் நள்ளிரவு 12 வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அதுவும் ஓர் ஆண்டில் மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஆக, பத்து மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை ஆறு மணிக்கு முருகன் மாலை மாற்றுகிற பழைய கணக்கு திறந்தவெளி மேடையில் முடிந்துபோனது. அதைத் திருப்பித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நோயாளிகளும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிற ஊரில் அப்படி ஒரு விதி இருப்பது நியாயம்தான்.

எங்கள் கேள்வி வேறு. விதி எடுத்துக்கொண்டது இரவின் பின்பாதியை. முன்பாதியை எடுத்துக்கொண்டது யார்? நோட்டீஸில் 9 என்று போட்டாலும் மேடை எங்கள் கைக்கு வருவது ஒன்பதே காலுக்கு, ஒன்பதரைக்கு. ஆறரையிலிருந்து அதுவரை நன்கொடையாளர் பெயர் வாசிப்பு, பொன்னாடை, கோலப் போட்டிப் பரிசு, சின்னப் பிள்ளைகளின் சினிமாப் பாட்டு டான்ஸ், அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறவரின் வாழ்த்துரை. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. பகலில் வையுங்கள், முதல் நாள் வையுங்கள். நாடகத்தன்று மட்டும் ஆறரைக்கு மேடையைக் கொடுங்கள்.

கொடுத்தால் என்ன செய்ய முடியும் என்று கணக்காகவே சொல்கிறோம். ஆறரைக்கு ஆர்மோனியத்தில் கடவுள் வாழ்த்து, பக்திப் பாட்டு இரண்டு, இருபது நிமிஷம். ஆறே முக்காலைத் தாண்டி பபூன் வருகை, அப்புறம் டான்ஸ், ஜோடிக் காமெடி. ஏழே முக்காலுக்கு முடிந்துவிடும். வள்ளியின் அப்பா நம்பிராஜன் தர்பார், வள்ளியைத் தினைப்புனத்துக்கு அனுப்புவது, ஆலோலம் பாடி அவள் குருவி விரட்டுவது, எல்லாம் சேர்ந்து ஐம்பது நிமிஷம். நாரதர் வருகையும் தர்க்கமும் ஒரு மணி நேரம். ஒன்பதரையைத் தாண்டி முருகன் பிரவேசம். நாரதர் சேதி சொல்ல, முருகன் வேடனாக மாறிப் புறப்படுவதற்கு அரை மணி. வேடன் – வள்ளி தர்க்கம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டு விக்கல் எடுப்பது, யானை, வள்ளி இசைவது அரை மணி. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாலை மாற்றி மங்களம். பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் மாறும், அவ்வளவுதான். பன்னிரண்டு வரை அனுமதி கிடைக்கும் நாளுக்கு இந்தக் கணக்கு. பத்து மணிதான் எல்லை என்றால் ஆறு மணிக்கே ஆரம்பித்து நான்கு மணி நேரத்தில் முடிக்கலாம். அப்போது தர்பாரைக் கால் மணியாக்கலாம், பபூனை அரை மணியாக்கலாம், நாரதர் தர்க்கத்தைப் பாதியாக்கலாம். வேடன் தர்க்கத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

வெட்டுவதை முன்கூட்டிச் சொல்லிவிட்டு வெட்டினால் சமாளிக்கலாம். மேடையில் வைத்து வெட்டுவதுதான் கொடுமை. ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ராஜபார்ட் (முருகன் வேடம்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (வள்ளி வேடம்) ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கியவர்கள் மேக்கப் போடுகிற இடத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்படி இருந்தும் எட்டு மணி நேரம் தடுமாறாமல் ஓடியது என்றால் அதற்குக் காரணம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாடம். எந்தப் பாட்டுக்கு எந்தப் பாட்டு பதில், வசனம் எந்தச் சொல்லில் நின்றால் சுருதி கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் மிருதங்கம் நடையை மாற்ற வேண்டும் என்பது எல்லோர் மனசிலும் ஒரே மாதிரி இருக்கிறது. பத்தே காலுக்குப் பின்திரைப் பக்கமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும்: ‘சீக்கிரம் முடிக்கவும்.’ ராஜபார்ட் அதைப் பார்த்துவிட்டார், ஸ்திரீபார்ட் பார்க்கவில்லை. அவர் கேள்வியைப் பாட்டாகப் பாடி முடித்து நிற்கிறார். ஆர்மோனியக்காரர் பதில் பாட்டின் முதல் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ராஜபார்ட்டோ நான்கு பாட்டைத் தாண்டிக் குதித்து யானை வருகிற வசனத்துக்குப் போய்விட்டார். ஸ்திரீபார்ட் எங்களைத் திரும்பிப் பார்க்கிறார். ‘பாடம் மறந்துபோச்சு போல’ என்று முன்வரிசையில் சிரிப்பு. அவருக்குப் பாடம் மறக்கவில்லை.

இப்போது தர்க்கம். நாரதர் வந்து தனியே காவலிருக்கும் பெண்ணிடம் கல்யாணப் பேச்சை எடுக்கிறார். ஆண் பெரிதா பெண் பெரிதா, இல்லறமா துறவறமா என்று பாட்டும் வசனமுமாகப் போகிறது. உள்ளூர்ச் சேதி, அன்றைக்குப் பேப்பரில் வந்தது எல்லாம் அதற்குள் நுழையும். எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாமல் பதில் சொல்ல வேண்டும், அதுவும் அதே ராகத்தில், தாளம் தப்பாமல். பிறகு வேடன் வருகிறான், தவறிப்போன மானைத் தேடி. மானின் அடையாளத்தை அவன் சொல்லிக்கொண்டே போக, இவன் சொல்வது மானை இல்லை, நம்மைத்தான் என்று வள்ளிக்கு உறைக்கிறது. அந்த இடத்தில் ஒரு நல்ல ஸ்திரீபார்ட் உடனே கோபப்பட மாட்டார். புரியாத மாதிரியே இன்னும் இரண்டு அடையாளம் கேட்பார். கூட்டத்தில் முதலில் சிரிப்பது பெண்கள் பக்கம்தான்.

இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவதை யோசித்துப் பாருங்கள். ஆள் அரவமில்லாத புனத்தில் தனியாக இருக்கிற பெண்ணை ஒருவன் வந்து வழிமறிக்கிறான், யானையைக் காட்டிப் பயமுறுத்துகிறான், கட்டிக்கொள்கிறான். நாடகத்தில் அவளுக்கு வாய் இருக்கிறது, வருகிறவனை ஒரு மணி நேரம் மடக்கி மடக்கி நிறுத்துகிறாள், அதற்கப்புறம்தான் இசைகிறாள். பிள்ளைகளும் பெண்களும் உட்கார்ந்து பார்க்கிற நாடகம் என்று நீங்கள் சொல்வதற்கு அர்த்தம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. பையன்கள் எழுந்து போவது தர்க்கம் நீளம் என்பதால் அல்ல. ஒலிபெருக்கியில் ஒரு சொல்லும் விளங்காததால். அது தனிக் கதை, கீழே வருகிறது.

டிராக் விஷயம். ஸ்திரீபார்ட் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவார். தொண்டை கட்டிய இரவில் நாலரைக்கு இறங்குவார். ராஜபார்ட்டுகளில் ஒன்றில் பாடுகிறவரும் உண்டு, நாலில் பாடுகிறவரும் உண்டு. ஒன்றில் பாடுகிறவர் என்றால் அவருடைய பஞ்சமம்தான் ஸ்திரீபார்ட்டின் சட்ஜம். அவர் நிறுத்தி இவர் எடுக்கும் அந்த ஒரு மூச்சுக்குள் ஆர்மோனியக்காரர் ஆதார சுருதியை மாற்றிக்கொடுத்துவிடுவார். ஐந்து கட்டையில் பதிவான டிராக் அன்றைக்கும் ஐந்துதான். பாடுகிறவர் எட்ட முடியாமல் மேல் ஸ்தாயியில் உடைவார், அல்லது வெறுமனே வாயசைப்பார். விருத்தம் பாடும்போது தாளமே கிடையாது. ஒரு சொல்லில் அவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்று அவருக்கே தெரியாது, ஆர்மோனியம் கூடவே போய்க் காத்திருக்கும். டிராக் காத்திருக்குமா? தர்க்கத்தில் எதிர்பாராத பதில் வந்து கூட்டம் கை தட்டினால் அடுத்த அடியை எட்டு மாத்திரை தள்ளி எடுப்போம். டிராக் போடுகிற பெட்டியில் அதற்குப் பொத்தான் இல்லை. உங்களுக்குத் தர்க்கம் பிடிக்காமல் போனதற்கும் டிராக் பிடித்துப்போனதற்கும் சம்பந்தம் உண்டு என்றே நினைக்கிறோம். ஒன்றை வைத்தால் மற்றது வேலைக்கு ஆகாது.

கீபோர்டு வாசிப்பவர்களைக் குறை சொல்லவில்லை. பாடம் தெரிந்தவர் வாசித்தால் கீபோர்டிலும் நடத்தலாம். பாடம் தெரியாதவர் கையில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தைக் கொடுத்தாலும் அது மேஜைதான்.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் வேலனும் வள்ளியுமாக 1920-களில் பாடியபோது மைக் இல்லை. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அந்த உச்ச சுருதி. இன்று மைக் இருந்தும் கேட்கவில்லை என்றால் கோளாறு எங்கே? சவுண்ட் செட்காரரிடம் நீங்கள் சொல்கிற ஒரே நிபந்தனை ‘பக்கத்து ஊருக்குக் கேக்கணும்’ என்பது. அவர் ஆடல் பாடலுக்கு வைத்த அளவை அப்படியே வைத்துவிடுகிறார்: பேஸ் உச்சத்தில், எக்கோ முழுசாக. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பி இடி மாதிரி விழுகிறது. நாரதர் கேட்ட கேள்வியின் வால் எக்கோவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வள்ளியின் பதில் அதன் மேல் ஏறுகிறது. இரண்டும் கலந்து சத்தம் மட்டும் வருகிறது. வசனத்துக்கு எக்கோ அறவே வேண்டாம், பாட்டுக்குத் துளி போதும்.

மேடை முன்னால் நிற்கும் மைக் மூன்று, ஆறடிக்கு ஒன்று. ஆர்மோனியத்துக்கு ஒன்று, அது காற்றும் சத்தமும் வெளியே வரும் பின்பக்கம். முன்னால் வைத்தால் கட்டை தட்டும் சத்தம்தான் கேட்கும். பின்பாட்டுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி இரண்டு பக்கமும், ஆல்ரவுண்டுக்கு ஒன்று. மொத்தம் எட்டு. பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மேடையில் இரண்டு மானிட்டர். அது இல்லாததால்தான் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், பத்து மணிக்கெல்லாம் கட்டிப்போகிறது. நெஞ்சில் மாட்டுகிற சின்ன மைக் வேண்டாம். சங்கிலியும் அட்டிகையும் உரசி அதில் கரகரவென்று வரும். பெட்டிகளைத் தெருவெல்லாம் கம்பத்தில் கட்டாமல் மேடையின் இரு பக்கமும் வைத்துக் கூட்டத்தைப் பார்த்துச் சாய்த்தால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், வீட்டுக்குள் தூங்குகிறவருக்குத் தொல்லை குறையும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல் என்று விதியே சொல்கிறது. அனுமதியை ரத்து செய்ய வருகிற அதிகாரிக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது நாடகத்தின் நேரம் இல்லை, கம்பத்துப் பெட்டி.

பனிக்கு மேலே தார்ப்பாய் போடுங்கள். ஈரம் ஏறினால் ஆர்மோனிய ரீட் ஒட்டிக்கொள்ளும், மிருதங்கம் சுருதி இறங்கும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பபூன் – டான்ஸ் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். காமெடி எங்கள் நாடகத்தில் ஒட்டுப்போட்ட துணி இல்லை. பல ஊர்களில் அதே பபூனும் டான்ஸும் பிறகு வள்ளியின் அண்ணனாகவும் தோழியாகவும் வருவார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கூட்டத்தைச் சிரிக்கவைத்து உட்காரவைப்பதே பின்னால் வருகிற தர்க்கத்துக்கு ஏற்பாடு. ஆனால் நடப்பது என்ன? ஆபாசம் கூடாது என்று ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். மேக்கப் இடத்துக்கு உங்கள் ஆளே ஒருவர் வந்து ‘கொஞ்சம் காரமாப் போடுங்க’ என்கிறார். மறுத்தால் விசில், போட்டால் வழக்கு. வழக்கு வந்தால் நிற்கப் போவது பபூனும் அந்தப் பெண்ணும்தான், காரம் கேட்டவர் இல்லை.

அன்பளிப்பும் அப்படித்தான். தர்க்கம் உச்சத்தில் இருக்கும்போது மேடையேறி ஸ்திரீபார்ட்டின் உடையில் ரூபாய் நோட்டைக் குத்துகிறார்கள். பாட்டு நிற்கிறது, கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும், அவர் பங்காளிக்கு ரோஷம் வந்து அவரும் ஏறுகிறார். பணத்தைக் கமிட்டி மேஜையில் கொடுக்கட்டும். காட்சி மாறும் இடைவெளியில் பெயர்களை மொத்தமாக வாசிப்போம். நடிக்கிற பெண்ணின் உடம்பைத் தொடுகிற அன்பளிப்பு எங்களுக்கு வேண்டாம்.

கமிட்டிகள் அனேகமாக யோசிக்காத ஒன்று இருக்கிறது. நாடகம் ஆறு மணிக்கு முடிந்த காலத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினோம். இப்போது பதினொன்றரைக்கோ பன்னிரண்டுக்கோ முடிகிறது. அந்த நேரத்தில் உங்கள் ஊரிலிருந்து எந்தப் பஸ் போகிறது? அரிதாரம் கலைக்காத முகத்தோடு, பெட்டியோடு, நான்கைந்து பெண்கள் ரோட்டு ஓரத்து நிழற்குடையில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் விசில் அடித்தவர்கள் பைக்கில் அந்தப் பக்கமாகவே நாலு தரம் சுற்றுகிறார்கள். நேரத்தைக் குறைத்தவர்கள் அதோடு சேர்ந்து வருகிற பொறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் கேட்பவற்றை அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி, கமிட்டியும் ஏஜெண்டும் கையெழுத்துப் போட வேண்டும். மேடை எங்கள் கைக்கு வரும் நேரம், முடியும் நேரம் இரண்டும் அதில் இருக்கட்டும். ஐந்தரை மணி நேரம் வேண்டும், குறைந்தது நான்கு. உங்கள் நாள் 12 மணிச் சலுகைக்குள் வருகிறதா என்பதை நோட்டீஸ் அடிப்பதற்கு முன் ஸ்டேஷனில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அடித்த பிறகு இல்லை. வராது என்றால் பத்து மணிக்கு முடிப்பது போல் நாடகத்தை நாங்களே சுருக்கித் தருகிறோம். எதை எடுப்பது என்பதை ஆர்மோனியக்காரரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் முதல் நாளே போனில் பேசி முடிவு செய்வார்கள். மேடைக்குச் சீட்டு அனுப்பக் கூடாது.

வேடன் தர்க்கம் இல்லாத நிகழ்ச்சிக்கு வள்ளி திருமணம் என்று நோட்டீஸ் போடாதீர்கள். ‘பபூன் – டான்ஸ் நிகழ்ச்சி’ என்று போடுங்கள், அதற்கு வர விருப்பமுள்ளவர்கள் வரட்டும். டிராக் வேண்டாம். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் மூன்றும் பாடம் தெரிந்தவர்கள் வாசிக்க வேண்டும். சவுண்ட் செட்காரர் ஐந்தரைக்கு வந்து எங்களோடு அரை மணி நேரம் மைக் சரிபார்க்க வேண்டும். எக்கோவைப் பற்றி அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.

பெண் கலைஞர்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி அறை, கண்ணாடி, வெளிச்சம், தண்ணீர், நடந்து போகிற தூரத்தில் கழிப்பறை. ஓலைத் தடுப்புக்குப் பின்னால் உடை மாற்றச் சொல்வதை இந்த வருஷத்தோடு நிறுத்துங்கள். மீதிச் சம்பளம் மங்களம் பாடுவதற்கு முன் கைக்கு வர வேண்டும். முடிந்ததும் பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டு வரை வேன். அது முடியாவிட்டால் விடியும்வரை தங்க அதே அறையும் சாவியும்.

வேன் வாடகைக்குப் பணம் இல்லை என்று சொல்லப் போகிறவர்கள், அன்றைய வாணவேடிக்கைக் கணக்கையும் எடுத்துக்கொண்டு பேச வரவும். பங்குனிக்குத் தேதி கேட்டு வரும்போது மேடை எத்தனை மணிக்கு என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள். அது இல்லாமல் எங்களில் யாரும் அட்வான்ஸ் வாங்கப் போவதில்லை.

இப்படிக்கு,
இசை நாடகப் பக்கவாத்தியக் கலைஞர்கள் சிலர்